அலசிய புதுப் பாவாடை

நேற்று ஜவுளிக்கடையில் பேத்திக்கு எடுத்த பாவாடையை முகர்ந்தபோது, அந்தக் கஞ்சிப்பசை வாசனை என்னைப் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பு வளவில் கொண்டுபோய் விட்டது. இன்று அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. அன்று ஊறும் தோலும் ஆவாரம்பட்டையும் நாறும் அந்த இடத்தில், ஒரே கிணற்றைச் சுற்றி, தோல் அலசும் குடும்பங்களும் ஷாப்பில் கணக்கெழுதிய அப்பாவோடு நாங்களும் குடியிருந்தோம். எல்லாரும் வேதக்காரர்கள்தான், கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி மட்டும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

முந்தின நாளே அம்மா அதைக் கிணற்றடியில் போட்டு, பசை போகக் கசக்கி, பழசுபோலத் தொங்கவிட்டுவிடுவாள். அழுதால், "மத்த பிள்ளைக பழசக் கட்டி நிக்கையில ஒனக்கு மட்டும் எதுக்குடி இம்புட்டு மொடமொடப்பு?" என்பாள். காலைப் பூசையில் பாட்டுக்கு வாயே திறக்காமல் உர்ரென்று நிற்பேன்.

அப்பா காசநோயில் படுத்த வருசம் எங்களுக்குத் துணி எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் தோல் அலசும் அக்கா அந்த வருசம்தான் மகள் புஷ்பத்துக்கு முதன்முதலாகப் புதுப் பாவாடை எடுத்திருந்தாள். பூசைக்குக் கூப்பிட வந்த புஷ்பம் மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றாள். பாவாடை கசங்கி, ஓரம் காயாமல் கணுக்காலில் ஒட்டியிருந்தது.

"எங்கம்மாதான் நனைச்சுப் போட்டுச்சு," என்றாள், என்னைப்போலவே உர்ரென்று.

அம்மா குனிந்து அந்த ஈர ஓரத்தைப் பிழிந்துவிட்டாள்.