துளசிக்கு அடித்த மருந்து

கல்வராயன் மலையடிவாரத்தில் இருசப்பனுக்குச் சொந்தமாகக் கையகல நிலம்கூடக் கிடையாது. வெங்கடேசனின் அரைக்காணியைக் குத்தகைக்கு எடுத்துத் துளசி போட்டிருந்தான். "இந்தப் புரட்டாசி பாக்கறேன். சரிவரலன்னா மரவள்ளி நட்டுடுவேன்" என்று வெங்கடேசன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நிலம் போனால் மறுபடி கூலிவேலைதான்.

வந்ததே பாருங்கள் அந்தச் சனியன்! நெல்மணி அளவு அந்துப்பூச்சி. செடியைத் தொட்டால் பொசுக்கென்று எழும்பி அடுத்த இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும். அதன் பச்சைப் புழு நூல் விட்டு இலையைச் சுருட்டி, உள்ளே உட்கார்ந்து தின்னும். மருந்தடி என்றார்கள் எல்லாரும். இருசப்பன் கேட்கவில்லை.

"கோயில்ல வாங்கி வாயில போட்டுக்கினு போறாங்க. அதுல போயி மருந்தா?"

அவனும் மனைவி சாலம்மாளும் முதுகு ஒடியக் குனிந்து, சுருண்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி நசுக்கினார்கள். பாதிக்கு மேல் பிழைத்தது.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த அன்றே இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ஒரு வாரம் என்றார்கள். வழியெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ் இல்லை. பாழாய்ப்போன புழுவோ மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.

"ஒரு வாரம் எவன் வரப்போறான்? அதுக்குள்ள வெஷம் எறங்கிடும். செடியாவது மிஞ்சட்டும்" என்று இருசப்பன் இரவல் தெளிப்பானில் பூச்சிமருந்தை ஊற்றி அடித்துவிட்டான்.

மறுநாளே, அவ்வப்போது அவனிடம் துளசி வாங்கும் கள்ளக்குறிச்சிப் பூக்கடைக்காரி பூமாலை என்பவள் கூடையோடு வந்து நின்றாள். விழுந்த மரங்களை ஏறித் தாண்டி நடந்தே வந்திருக்கிறாள், புண்ணியவதி!

"நாளைக்கு மொத சனிக்கெழம. பெருமாளுக்கு ஒரு கொத்து துளசி இல்லப்பா. இருக்கறதெல்லாம் பறி. வருஷம் பூரா ஒங்கிட்டயே எடுத்துக்கறேன்."

வருஷம் பூரா! நிலம் தங்கிவிடும். வாயைத் திறக்காதே என்று சாலம்மாளின் கண் கெஞ்சியது.

"மருந்து அடிச்சிட்டேங்க" என்றான் இருசப்பன்.

"இன்னாப்பா நீ, துளசியே மருந்துதானே!" பூமாலை சிரித்துக்கொண்டே ஒரு கொழுந்தைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். இருசப்பன் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "அடப்பாவி, சாமிக்குப் போறதுலயா? இத்தினி நாளா இதத்தான் குடுத்துக்கினு இருந்தியா?"

நேற்று ஒருநாள்தான் என்று அவன் சத்தியம் செய்தான். யார் நம்புவார்கள்? வெறுங்கூடையோடு திரும்பிப் போய்விட்டாள். சாலம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறியல் முடிந்து பஸ் ஓடிய அன்று, முதல் சனிக்கிழமைக்கே விற்காத துளசி இனி எதற்கு என்று வெங்கடேசன் ஏர் இறக்கிவிட்டார். ஒரு புழுகூட இல்லாத துளசி, பச்சைப்பசேலென்று மண்ணுக்குள் போயிற்று. மரவள்ளி நட மண்கட்டி உடைக்கவேண்டும், கூலிக்கு ஆள் வேண்டுமென்றார் வெங்கடேசன். இருசப்பன் மண்வெட்டியோடு போய் நின்றான்.