கரிக்காகிதத்தில் நடந்தவன்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1931 போகியன்று, மலாக்காவின் காஜா பெராங் கிராமத்தில், நட்டநடுப் பகலில் நடந்தது இது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

கண்ணம்மா வீட்டுப் பின்னறையில் ஒரு துரை பூகம்பக் கருவி வைத்திருந்தார். சுமத்ராவில் நிலம் அசைந்தாலும் அதன் ஊசி கரி படிந்த காகிதத்தில் வெள்ளையாகக் கீறிவிடும். வீட்டுக்குள் யாராவது நடந்தாலும் கீறும். அதனால் கருவியைப் பார்த்துக்கொண்ட அப்துல் கய்யூம் எல்லோரையும் பூனை நடை நடக்க வைத்திருந்தான். கண்ணம்மாவின் மகன் சங்கரன் மட்டும் அடங்கமாட்டான். விந்தி நடப்பவன். ஒரு கீறல் ஆழமாக விழும், அடுத்தது லேசாக விழும். கய்யூம் அவனைத் திட்டாத நாளில்லை.

சங்கரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். போகிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியவன் வரவில்லை. தாய்க்கு வாசலில்தான் கண்.

போகியன்று இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். கய்யூமும் வெளியே வந்தான். உள்ளே ஈ காக்கை இல்லை.

கதவு திறந்ததும் அவன் நேரே கருவியிடம் போனான்.

கதவைச் சாத்தியதிலிருந்து மணி 1.10 வரை ஊசி ஆடவே இல்லை. அதற்குப் பிறகு...

ஆழம்... லேசு. ஆழம்... லேசு.

சங்கரன் வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டே ஓடினான். கண்ணம்மா முகமெல்லாம் மலர்ந்து வீடு முழுக்கத் தேடினாள். யாரும் இல்லை.

கய்யூம் மறுபடியும் காகிதத்தைப் பார்த்தான். ஐந்து இடங்களில் நடை நின்றிருந்தது. படைத்த இலைகளும் ஐந்து.

ஐந்தாவது நிறுத்தத்துக்கு அப்பால் கண்ணை ஓட்டினான்.

பிறகு கீறல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கருவிக்குப் பக்கத்தில்... இன்னும் பக்கத்தில்...

அங்கேயே நின்றுவிட்டன.

மறுநாள் தந்தி வந்தது. போகியன்று விடியற்காலையிலேயே, துறைமுகத்தில் மூட்டை சரிந்து சங்கரன் இறந்துவிட்டான்.

கண்ணம்மா நெஞ்சு வெடிக்க அழுதாள். அழுது ஓய்ந்ததும் கய்யூமிடம் வந்து அந்தக் காகிதத்தைக் காட்டச் சொன்னாள்.

"அவனுக்கு நான் இலை போடலையே, கய்யூம். திரும்பிப் போன அடி இருக்கா?"

கய்யூம் ஓரம் வரைக்கும் தேடினான்.

"இல்லம்மா."

"அப்ப பசியோட உள்ளதான் இருக்கான்" என்றாள் கண்ணம்மா. வாழையிலை நறுக்கக் கொல்லைக்குப் போனாள்.