மாடிப்படி இல்லாத ரூட்

தையல் கம்பெனி வேலை போன இரண்டாவது மாதம் நான் பார்சல் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். பெரியவள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். வீட்டுக்காரர் சம்பளம் வீட்டு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் சரியாக இருந்தது. என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது, லைசென்ஸ் இருந்தது. அந்த வேலைக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷட்டர் போட்ட ஒரு குடோன். ஹப் என்பார்கள். காலையில் அங்கே போய் அவரவர் ஏரியா பார்சல்களை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கையில் கொடுத்த பார்சலுக்குத்தான் கூலி. வாங்க ஆளில்லாமல் திரும்பக் கொண்டுவந்தால் பெட்ரோல் செலவு நம்முடையது, கூலி கிடையாது. எனக்குக் கொடுத்தது டவுனில் மிச்சம் மீதி விழுந்த தெருக்கள், கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. முதல் இரண்டு மாதமும் தையல் மெஷினில் சம்பாதித்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது.

ஒருநாள் நான் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததை ஹப் மேனேஜர் கேட்டிருக்கிறார். சின்ன வயசுக்காரர். "அக்கா, நீங்க வூட்டுல தெலுங்குங்களா?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாளே எனக்கு ரூட் மாறியது. அதியமான்கோட்டை தாண்டி உள்ளே போனால் தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகம் இருக்கும் மூன்று ஊர்கள். பாதிப் பேர் ஊருக்குள் இல்லை, வயலுக்கு நடுவே தனித்தனி வீடு கட்டி இருப்பார்கள். எங்கள் பக்கம் அதைக் கொட்டாய் என்போம். அங்கே போகிற பார்சலில் பாதி தினமும் திரும்பி வந்துகொண்டிருந்ததாம். அதுவரை அது யாருடைய ரூட் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

பார்சல் ஏன் திரும்பியது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரியாத நம்பர் என்றால் போனை எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் தமிழில் வழி சொல்லத் தடுமாறி வைத்துவிடுவார்கள். நான் தெலுங்கில் ஆரம்பித்ததும் நீ எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துவிட்டு, போர்வெல் தாண்டி இடது பக்கம், தக்காளிக் காட்டை ஒட்டிய தடம் என்று வரிசையாகச் சொன்னார்கள். ஒரு அம்மா, பால் கறந்துகொண்டிருக்கிறேன், நேராக மாட்டிடமே வந்துவிடு என்றார். திரும்புகிற பார்சல் குறைந்தது. நான்காம் மாதம், தையல் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து வாங்கியதைவிட அதிகம் கிடைத்தது. பெரியவளுக்கு அந்தத் தவணை ஃபீஸை யாரிடமும் கைநீட்டாமல் கட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் கொஞ்சமல்ல.

அடுத்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் தைத்துக் கொடுக்கும் ஜாக்கெட் ஒன்றைக் கொடுக்க டவுனில் ஒரு அபார்ட்மென்டுக்குப் போனேன். கீழே படிக்கட்டில் எங்கள் ஹப்பில் வேலை செய்யும் ஓர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், முன்பு லாரி ஓட்டியவர். மூன்றாம் மாடிப் பெண்ணைக் கீழே வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். முடியாது என்றிருக்க வேண்டும். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக ஏறினார். நான் போய் பார்சலை வாங்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "குடும்மா, நானே போறேன்" என்றார். ஓடிபி மட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்க் கொடுத்து வந்தேன்.

இறங்கி வந்தபோது அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். லாரியில் கிளட்ச் மிதித்து மிதித்துப் போன கால் என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக, நான் ஓடுகிற ரூட் முன்பு அவருடையது என்பதும் வந்தது. அவர் என்னைக் குறையாகச் சொல்லவில்லை.

"அங்க மாடிப்படி கெடையாதும்மா. வாசல் வரைக்கும் வண்டி போவும். அது ஒண்ணுதான் எனக்கு ஒத்து வந்துது."

வீட்டில் சொன்னேன். உனக்கு நல்லபடியாக வருகிறது, அதை ஏன் கலைக்கிறாய் என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதும் சரிதான். சின்னவளுக்கு ஸ்கூல் திறக்கிற சமயம். பத்து நாள் ஒன்றும் செய்யாமல் ஓட்டினேன். ஹப்பில் அந்த அண்ணன் நிற்கிற பக்கம் மட்டும் போகாமல் இருந்தேன்.

பதினோராம் நாள் மேனேஜரிடம் போய், ரூட்டை அவருக்கே கொடுங்கள் என்றேன். மறுபடி எல்லாம் ரிட்டன் வரும் அக்கா என்று அவர் தயங்கினார். காலையில் பார்சல் பிரிக்கிற நேரத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு நானே போன் செய்து, அண்ணன் வருகிறார், இன்ன இடத்தில் நில்லுங்கள் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். பதிலுக்கு எனக்குத் துண்டு துண்டான தெருக்கள் வேண்டாம், டவுனில் இருக்கிற அபார்ட்மென்ட் மொத்தமும் வேண்டும் என்று கேட்டேன். பாவம் பார்த்து மட்டும் செய்தேன் என்று சொன்னால் பொய். ஒரே கட்டடத்தில் பதினைந்து பார்சல் இருந்தால் பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று அந்தப் பத்து நாளும் யோசித்து வைத்திருந்தேன். மேனேஜர் சிரித்துவிட்டார். ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

முதல் மாதம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது. தீபாவளி வந்ததும் சரியாகி, அதற்கு மேலும் வந்தது. அண்ணனுக்கும் ரிட்டன் குறைந்தது. ஆனால் தெலுங்கு அவருக்கு ஏறவே இல்லை.

ஒருநாள் மதியம் நான் ஐந்தாம் மாடியில் நிற்கும்போது அவரிடமிருந்து போன். ஒரு கொட்டாயில் இருந்து பேசினார். "இந்தம்மா நான் வர்றப்பல்லாம் கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லுது. என்ன தப்பு பண்ணேன்னு தெரியல, நீயே கேளும்மா" என்று போனை அந்த அம்மாவிடம் கொடுத்தார். கேட்டுவிட்டு அவரிடம் சொன்னேன்.

"சாப்பிட்டுட்டுப் போவச் சொல்றாங்கண்ணா."



"அப்பிடியா? திட்டறாங்கன்னு இல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அன்று அவர் ஹப்புக்குத் திரும்ப முக்கால் மணி நேரம் தாமதமானது.