அண்ணாந்து குடித்த கறுப்பு பியர்

இத்தாலியில், பலெர்மோ நகரில் நான் ஒரு பியர் கடையின் குசினியில் கோப்பை கழுவினேன். சுவரெல்லாம் மரப்பலகை அடித்து, மங்கலான விளக்குப் போட்டு, இங்கிலாந்துக் கடை மாதிரி தொண்ணூறுகளில் அந்த ஊரில் திறந்த கடைகளில் அதுவும் ஒன்று. எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. பெர்மெஸோ என்கிற தங்கும் அனுமதி கையில் இருந்தது. ஆனால் மனைவியைக் கூப்பிட ஒழுங்கான வேலை ஒப்பந்தம் வேண்டும் என்று குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். முதலாளி குசினி ஆட்களுக்கு ஒப்பந்தம் எழுதுவதில்லை. மேசையில் பரிமாறுகிறவர்களுக்குத்தான் எழுதுவார். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் எட்டு மாதமாக இருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் போன் எடுப்பேன். சுகம் விசாரிக்க முதலே, "ஒப்பந்தக் கடிதம் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்பாள்.

அந்த மாரியில் முதலாளி இங்கிலாந்திலிருந்து ஏல் வகையில் ஒரு கறுப்பு பியர் இறக்கினார். பலெர்மோக்காரர் நன்றாகக் குளிர்ந்த மஞ்சள் பியர் குடித்துப் பழகியவர்கள். இதையோ அதிகம் குளிராமல், மெதுவாகக் குடிக்க வேண்டும். கசப்பும் அதிகம். ஒருவரும் தொடவில்லை. சீஸோடு சேர்த்துக் கொடுத்தால் போகும் என்று இறக்குமதிக்காரர் சொல்லியிருந்தார். எந்தச் சீஸ் என்று அவருக்கும் தெரியாது.

ஒரு பின்னேரம், கடை திறக்க முன், முதலாளி குசினி மேசையில் நாலைந்து சீஸை அரிந்து வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மற்றவன் வடமராட்சிக்காரன், என் வயதுக்காரன். பிரான்காச்சோப் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். அவன் கலியாணம் கட்டவில்லை. கூப்பிட அவனுக்கு ஒருவரும் இல்லை.

தண்ணீர் குடிக்க நாங்கள் ஆளுக்கொரு பேணி வைத்திருந்தோம். அதிலேயே முதலாளி பியரை ஊற்றினார். முதல் வாய் கசாயம் போல இருந்தது. இரண்டாவது வாயில் கோப்பியும் அடிப்பிடித்த பனங்கட்டிப் பாகும் தெரிந்தன. தூமா என்கிற பச்சைச் சீஸ் பாலாகக் கரைந்து, பியர் வந்ததும் காணாமல் போனது. மிளகு போட்ட பெக்கோரீனோ பியரோடு சண்டை பிடித்தது. உறைப்பும் கசப்பும் தொண்டையிலேயே நின்றன. கடைசியாகக் காச்சோகவாலோ, கயிறு கட்டித் தொங்கவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் காய்ந்தது. அரிந்தால் உதிரும். அதை வாயில் வைத்து, விழுங்க முதல் ஒரு வாய் பியர் குடித்தேன். சீஸின் உப்பு கசப்பைப் பிடித்து நிறுத்த, அதற்கு அடியிலிருந்து ஒரு இனிப்பு எழும்பி வந்தது.

"இதுதான்" என்றேன்.

முதலாளி தானும் அப்படியே செய்து பார்த்தார். இன்னொரு துண்டை எடுத்தார். பிறகு சொன்னார்: "ஞாயிறு மத்தியானம் இறக்குமதிக்காரரும் சில சாப்பாட்டுக் கடைக்காரரும் வருகிறார்கள். நீயே மேசையில் நின்று இதைச் சொல். ஒழுங்காகச் செய்தால் ஜனவரியிலிருந்து மேசை வேலை. ஒப்பந்தம் எழுதுகிறேன்."

எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. அந்தக் கிழமை முழுக்க அறையில் வைத்து நண்பன் என்னைப் பழக்கினான். கட்டிலில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்துகொள்வான்.

"சத்தமாச் சொல்லு மச்சான். செத்த வீட்டிலையே நிக்கிறாய்?"

"முதல் சீஸை வாயிலை வையுங்கோ, பிறகு..."

"இத்தாலியனிலை சொல்லடா! உன்ரை தமிழைக் கேக்கவே அவங்கள் வாறாங்கள்?"

"சிரிக்காதை. பிறகு வாறதும் வராது."

"நான் சிரிக்கேல்லை. நீ சீஸைப் பாத்துக் கதைக்கிறாய். என்னைப் பார். நான்தான் துரை."

எனக்குப் பாடமாவதற்கு முதல் அவனுக்குப் பாடமாகிவிட்டது.

ஞாயிறு வரை பொறுக்க முடியாமல், நடுக்கிழமையில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் போன் கடைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "கிடைச்ச மாதிரித்தான்." அவள் அழுதாள். தை மாதத்தோடு அறையை விடுகிறேன் என்று லொட்ஜ்காரரிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். நான் மறிக்கவில்லை.

ஞாயிறு எட்டுப் பேர் வந்தார்கள். நான் ஊற்றினேன், அரிந்தேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குரல் சின்னதாக வந்தாலும் பிழை வரவில்லை. அவர்கள் பேச்சை நிறுத்தி, மென்று, குடித்து, ஒருவரையொருவர் பார்த்தார்கள். இறக்குமதிக்காரர் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் பாதி குடித்த கிளாஸை என்னிடம் நீட்டினார். "நீயும் குடி. கண்டுபிடித்தவன் நீதானே."

எங்கள் வீடுகளில் ஒருவர் வாய் வைத்துக் குடித்ததில் மற்றவர் வாய் வைப்பதில்லை. பலர் குடிக்கிற பாத்திரம் என்றால் உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். எச்சிலாக்காமல் திருப்பிக் கொடுப்பதுதான் மற்றவருக்குச் செய்கிற மரியாதை. இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. நானும் யோசிக்கவில்லை. கை தானாக உயர்ந்தது.

தண்ணீர் செம்பிலிருந்து நூல் மாதிரி விழும். வாய் அகன்ற கிளாஸிலிருந்து பியர் நுரையோடு மொத்தமாக வந்தது. பாதி மூக்கில் போனது. இருமினேன். சீஸ் பலகையிலும் அந்தச் சாம்பல் நிறக் கோட்டிலும் தெறித்தது.

சிலர் சிரித்தார்கள். இறக்குமதிக்காரர் சிரிக்கவில்லை. "ஏன், எனக்கு நோயா? என் கிளாஸில் வாய் வைக்க அருவருப்பா?" என்று கேட்டார்.

சொல்வதற்கு எனக்கு இரண்டு வசனம் போதும். அந்த இரண்டு வசனத்துக்கு என்னிடம் இத்தாலியன் இல்லை. இருந்திருந்தாலும் அந்த நேரம் வாய் திறந்திருக்குமோ தெரியாது. குசினி வாசலில் நின்ற நண்பனைப் பார்த்தேன். அவனுக்கு விஷயமும் தெரியும், பாஷையும் தெரியும். அவன் துவாயோடு வந்து, அவருடைய கோட்டைத் துடைத்தபடி சொன்னான்: "மன்னியுங்கள் சிஞ்ஞோர், இவன் காட்டு ஊர்க்காரன். கிளாஸ் பிடிக்கத் தெரியாது."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள், இறக்குமதிக்காரரும். அவர் இன்னொரு கிளாஸில் ஒரு வாய் குடித்துவிட்டு நண்பனிடம் நீட்டினார். அவன் வாய் வைத்து மடமடவென்று குடித்து முடித்தான். பிறகு கத்தியை எடுத்துக் காச்சோகவாலோவை அரிந்து, நான் பழகிய வசனங்களை ஒன்றும் மாறாமல் சொன்னான். என்னைவிட நன்றாகச் சொன்னான்.

எல்லாரும் போன பிறகு முதலாளி குசினிக்குள் எட்டிப் பார்த்தார். "மேசைக்கு அவன் வரட்டும். நீ இங்கேயே நில்."

பஸ் தரிப்பில் நண்பனிடம் கேட்டேன். "ஏன்டா சொல்லேல்லை?"

"என்னத்தை?"

"அது மரியாதைக்குச் செய்தது எண்டு."

"எச்சிலைப் பற்றி அவங்களுக்கு நான் வகுப்பெடுக்கவே? அந்தாள் கோவிச்சிருந்தா ரெண்டு பேற்றை வேலையும் போயிருக்கும்."

"ஒப்பந்தம் உனக்கு என்னத்துக்கு?"

"தாறதை வேண்டாமெண்டு சொல்லவே மச்சான்? நீயெண்டா சொல்லுவியே?"

அவன் கேட்டதில் பிழை இல்லை. அதனாலேயே அவனை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. பஸ் வந்தது. அவன் ஏறினான். நான் ஏறாமல் போன் கடைக்கு நடந்தேன்.

மனைவி எடுத்தவுடன் சொன்னாள். "லொட்ஜ்காரருக்குச் சொல்லிப்போட்டன். அறையை வேறை ஆக்களுக்குக் குடுக்கப்போறாராம். கடிதம் எப்ப அனுப்புறியள்?"

"அது சரிவரேல்லை."

"ஏன்?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சின்ன விஷயமாகத் தெரிந்தது. எங்கள் வழக்கம் தெரிந்தவள், அவளுக்காவது விளங்கும் என்று நினைத்தேன்.

"வாய் வைச்சுக் குடிச்சா என்ன?" என்றாள். "நான் இஞ்சை ஆரோ படுத்த பாயிலை படுக்கிறன். பத்துப் பேர் வாய் வைச்ச கோப்பையிலை தேத்தண்ணி குடிக்கிறன். உங்களுக்கு ஒரு வாய் குடிக்கேலாமப் போச்சோ?"

"நாளைக்கு லொட்ஜ்காரரிட்டைக் கேட்டுப் பாரும், அறையை வைச்சிருக்கச் சொல்லி" என்றேன்.

"நீங்களே வந்து கேளுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.