மூன்று வருஷம் பாடாத ரேடியோ

என் மனைவிக்குக் கார் ஷெட்டுகளில் 'மீட்டரம்மா' என்று பெயர். மற்றவர்கள் சங்கிலி போட்டுக்கொள்கிற கழுத்தில் அவள் கரண்ட் சோதிக்கிற மீட்டரின் வயரை மாட்டிக்கொண்டு திரிவதால் வந்த பெயர். கார் ரேடியோவும் அதைச் சேர்ந்த வயரிங்கும்தான் தொழில். நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வீட்டில் என் வேலை, அவள் சொல்கிற இடத்தில் டார்ச் அடிப்பது.

அவள் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் யாருக்கும் லேசாகச் சந்தேகம் வரும். வந்ததும் ஸ்பேனரைத் தொடமாட்டாள். காருக்குள் ஏறி ரேடியோவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். வைப்பர், விளக்கு, இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, இரைச்சல் எதற்குக் கூடுகிறது என்று காது கொடுப்பாள். "அந்தம்மா தூங்கிட்டாங்களா?" என்று ஒரு டாக்டர் என்னிடம் கேட்டிருக்கிறார். கண்ணைத் திறந்ததும் ஒரே கேள்விதான். "கடைசியா நல்லாப் பாடினது எப்போ? அதுக்கப்புறம் வண்டில என்ன செஞ்சீங்க?" எல்லோரும் "ஒண்ணும் செய்யலையே" என்பார்கள். அதை அவள் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவளை எங்கள் வீட்டிலேயே ஒரு காரின் பக்கம் அண்டவிடாமல் வைத்திருந்தாள் என் அம்மா.

அது அப்பா வாங்கி, அம்மா ஓட்டிய கார். உருண்ட முதுகும் பாலாடை நிறமுமாக, ஐம்பது வயதிலும் கல்யாணப் பெண் போல நிற்கும். அம்மா தினமும் துடைப்பாள். துரு என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாக் குச்சியும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, கண்ணுக்கே தெரியாத ஆன்டெனா ஒன்றை மாட்டிக் கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கார் ரேடியோத் தொழிலில் அன்றைக்கு அவர்தான் பெயர் எடுத்தவர். பின் கண்ணாடியின் ரப்பருக்குள் மெல்லிய கம்பி ஒன்று, டிக்கிக்குள் சிக்னலைக் கூட்டித் தரத் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். பத்து நாள் ரேடியோ அருமையாகப் பாடியது. பதினோராம் நாள் வெறும் இரைச்சல்.

மாமா ஓடி வந்தார். ரேடியோவைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "கெடுத்தது போதும். வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு" என்று தெருவே கேட்கும்படி சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. மாமா கார் வேலையையே விட்டுவிட்டு, பல்பும் ஸ்விட்சும் விற்கிற கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷம் ஆகிறது. எங்களுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது இரண்டே தெரு.

போன மாதம் அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை எங்களுக்குத் தபாலில் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருப்பவர் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருந்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் போகல" என்றாள். அன்றைக்குக் காரை இரண்டு தடவை துடைத்தாள். நான் பேசிப் பார்க்கட்டுமா என்று மனைவியைக் கேட்டேன்.

"நீங்க பேசினா மூணு வருஷம் ஆறாகும். சும்மா இருங்க" என்றாள்.

பிறகு அவளே அம்மாவிடம் போனாள். "அத்தை, உங்க தம்பி வண்டில என்ன தப்புப் பண்ணினார்னு நான் கண்டுபிடிச்சுக் காட்டட்டுமா?"

யாரையும் கிட்டே விடாத அம்மா உடனே சாவியை எடுத்துக் கொடுத்தாள். "நல்லாக் கண்டுபிடி. எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடு. அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் மூன்று பேரும் கூடினோம். அம்மா நாற்காலி போட்டுப் பரீட்சை ஹாலில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். மனைவி கண்ணை மூடி, திறந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலையே" என்றாள் அம்மா.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் டார்ச்சைப் பார்த்தேன்.

முதலில் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு, ரேடியோவின் பின்னால் ஒரு முழ வயரைச் செருகி ஜன்னல் வழியாகத் தொங்கவிட்டாள். கணீரென்று பாட்டு வந்தது. ஆக, ரேடியோ நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம் வரை ஓடுகிற வயரைச் சோதித்தாள். அதிலும் குறை இல்லை. டிக்கியைத் திறந்து, மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையைக் காரின் உடம்பிலும் வைத்தாள். தொடர்பு இருந்தால் கீச்சென்று கத்தவேண்டிய மீட்டர் வாயே திறக்கவில்லை.

"பெட்டிக்கும் வண்டிக்கும் தொடர்பே இல்ல அத்தை."

"பாத்தியா, சரியா முடுக்கல அவன்" என்றாள் அம்மா, ஏகப்பட்ட திருப்தியோடு.

பெட்டியைப் பிடித்திருந்த போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினாள். அடியில் காசு அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. துரு என்று நினைத்து நான் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். துரு பளபளக்காது. ஓட்டைக்குள்ளும் போல்ட்டின் மறையிலும்கூட அதே சிவப்பு அப்பியிருந்தது. நாங்கள் இருவரும் அம்மாவின் விரல் நகங்களைப் பார்த்தோம். உடனே வேறு பக்கம் பார்த்தோம்.

அம்மா எழுந்து வந்து குனிந்தாள். "அவன் இந்த இடத்துல பெயின்டைச் சுரண்டி வெச்சிருந்தான். இரும்பு வெளியே தெரிஞ்சுது. அப்படியே விட்டா துருப் பிடிக்காதா? அதான் கழட்டி, நெயில் பாலிஷை மூணு கோட்டு அடிச்சு, திரும்ப முடுக்கினேன்."

"எப்போ அத்தை?"

"மாட்டின பத்தாம் நாள்" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வேணும்னுதான் சுரண்டியிருக்கார் அத்தை" என்றாள் மனைவி மெதுவாக. "இரும்போட இரும்பு தொட்டாத்தான் ஸ்டேஷன் சரியாக் கிடைக்கும். ரொம்ப சுத்தமான வேலை. நான் செஞ்சிருந்தாக்கூட இவ்வளவு அழகா வந்திருக்காது."

யாரையும் சாயவிடாத காரின் பம்பர் மேல் அம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், நெயில் பாலிஷ் அழிக்கிற பாட்டிலும் பஞ்சும் எடுத்து வந்தாள். எங்களைத் தொடவிடாமல் தானே துடைத்தாள். இரும்பு வெளியே வந்தது. மனைவி போல்ட்டை முடுக்கி, துருப் பிடிக்காமல் இருக்கச் சுற்றிலும் கிரீஸ் தடவினாள். எல்லா வயரையும் மாட்டி ரேடியோவைப் போட்டதும், நாளைக்கு மேகமூட்டமாக இருக்கும் என்று யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல ஒரு குரல் வந்தது.

அம்மா "சரி, சரி" என்று உள்ளே போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். பிழை திருத்துவது என் பிழைப்பு. ஆனால் அம்மாவிடம் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி நான் ஜெயித்ததே கிடையாது. அவளோ என் போனைக் கேட்டு வாங்கினாள். மாமாவின் நம்பரை யாரிடமும் கேட்கவில்லை. மனப்பாடமாக இருந்தது. ஸ்பீக்கரை அணைக்க அவளுக்குத் தெரியாததால் நாங்களும் கேட்டோம்.

"நான்தான்டா. ரேடியோ பாடுது." அம்மா போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "நீ சுரண்டின இடத்துல நான் நெயில் பாலிஷை அப்பிட்டேன். தப்பு என்னோடதுதான்."

மாமாவின் குரல் வந்தது. "மூணு வருஷமா அந்த வண்டியத்தான்க்கா மனசுக்குள்ள பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டிருக்கேன். எங்க கோட்டை விட்டேன்னே புரியல. அதுக்கப்புறம் வேற வண்டியத் தொடவே பயமாப் போச்சு."

அம்மா முந்தானையால் காரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்போ என் வேலை சரிதானாக்கா?"

"சரிதான்டா."

"இன்னொரு தடவை சொல்லு."

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.