மனசு வகுப்புக்குச் சமைத்தபோது

வாத்தியார்மாருக்குச் சமைப்பதில் ஒரு கஷ்டம், கறியில் உப்புக் கூடினாலும் பாடம் நடத்துவார்கள். ஊருக்குச் சமைத்துப் போடும் அம்மாமாரே, உங்களுக்கு இது விளங்கும். நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள். எனக்குக் குசினிதான் தோது.

கோப்பை

எங்கள் குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வராத விடுதலையில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். பட்டணத்து மனநோய் டொக்டர் வந்து, பிள்ளைகளின் மனசைப் பற்றி வாத்தியார்மாருக்குச் சொல்லிக் கொடுப்பாராம். விசர் பார்க்கிற டொக்டரா! ஊரே அரண்டுபோனது. எந்த வாத்தியாருக்குத் தொடங்கிவிட்டது என்று கிணற்றடியில் என்னைப் பிடித்துக் கேட்டார்கள். காவல்காரர் முருகேசண்ணை பள்ளிக்கூடக் குசினிக்குள் வந்து மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, அவையள் குடிச்ச கோப்பையளைப் புறம்பாக் கழுவு."

பிரம்பு

டொக்டர் முதல் வேலையாக எல்லாருடைய பிரம்புகளையும் வாங்கி என் குசினி மூலையில் சாத்தினார். எனக்கு அந்தப் பக்கம் போகவே பயம். கணக்கு வாத்தியார் தேத்தண்ணிக்கு வரும்போதெல்லாம் தன்னுடையதை எட்டிப் பார்த்துக்கொள்வார். "அது கையில இல்லாட்டி எனக்கு ஏழாம் வாய்பாடே மறந்துபோகுது, தங்கச்சி."

விளையாட்டு

என் மகள் செல்வி வீட்டில் ஓயாமல் கதைப்பாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தும் பார்த்தோம். பெரிய வாத்தியார் அதைப் பிடிவாதம் என்று சொல்லி அவளை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தினார். அடுத்த தவணையும் வாய் திறக்காவிட்டால் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டுவதாகவும் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு வகுப்பில் டொக்டர் அவரையே பேசாத பிள்ளையாக நடிக்கச் சொன்னார். அவர் வாங்கில் ஏறி நின்றார். மற்ற வாத்தியார்மார் இதற்கே காத்திருந்தவர்கள் போலச் சுற்றி நின்று, "பேர் என்ன? சொல்லு! ஊமையோ?" என்று அதட்டினார்கள். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. டொக்டர் "காணும், இறங்குங்கோ" என்ற பிறகும் அவருக்குச் சத்தம் வரவில்லை. தட்டோடு நின்ற நான் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினேன். அதில் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் சொன்னார்: "விளையாட்டுக்குத்தான் ஏறினனான். உண்மையாவே வாய் வரேல்லை."

திருவலை

மறுநாள் சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் செல்வி. பெரிய வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "எழும்பு பிள்ளை" என்று என் திருவலைப் பலகையில் குந்திவிட்டார். ஆம்பிளை, அதுவும் பெரிய வாத்தியார்! நான் எழும்பி ஒதுங்கி நின்றேன். செல்வியிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. தேங்காயோடு மல்லுக்கட்டினார். கறுப்புக் கறுப்பாக விழுந்தது. அப்போது என் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்: "ஐயா, சிரட்டையைத் திருவாதேங்கோ."

இந்தத் தவணையும் செல்வி பள்ளிக்கூடம் போகிறாள், வாங்கில் ஏறாமல், வகுப்பில் இன்னும் வாய் திறக்காமல். அதற்கென்ன, அன்றைய கறுப்புச் சம்பலைத் தின்ற வாத்தியார்மாரிலும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே.