ஒரே திரையில் இரண்டு டாங்கிகள்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தபோது, வீட்டுக்குள் மட்டும் நடக்கலாம், மேடு பள்ளத்தில் ஆறு வாரம் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தோட்டத்தில் அப்போது கவாத்து நேரம். திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் அந்த நாட்களில் பந்தலுக்கடியிலேயே நின்று பழகியவர் அப்பா. அம்மா தோட்டத்தைப் பார்ப்பது, மகள் நான் அப்பாவைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தேனியில் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுக் காமயகவுண்டன்பட்டிக்கு வந்தேன். துணிமணியோடு என் கேம் மெசினையும் பையில் வைத்திருந்தேன்.

எனக்கு நாற்பத்தொரு வயது. இந்த வயதில் வீடியோ கேம் ஆடுகிறேன் என்று அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவரே அப்பாதான். நான் ஆறாவது படிக்கும்போது கம்பத்திலிருந்து ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்தார். அதிலிருந்த டாங்கி ஆட்டத்தை இருவரும் சேர்ந்து ஆடுவோம். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் எங்கள் கோட்டை. அவர் அதைக் காக்க, நான் மேலே போய் எதிரி டாங்கிகளைச் சுடுவேன். பதற்றத்தில் பாதி நேரம் அவர் என்னையே சுட்டுவிடுவார். என் டாங்கி அசையாமல் மின்னிக்கொண்டு நிற்கும். அதற்குள் கோட்டை போய்விடும்.

"நீதானத்தா குறுக்க வந்த" என்பார்.

தோற்றால் அத்தோடு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அப்பாவால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அரைமணிக்கு ஒருதரம் அம்மாவுக்கு போன் போட்டு, "எத்தனாவது வரிசை ஓடுது?" என்று கேட்டார். நாலாவது தடவைக்குப் பிறகு அம்மா எடுக்கவில்லை. போனைக் கட்டிலில் போட்டவர் என் மெசினைப் பார்த்தார்.

"அது என்னாத்தா, கேமா? போடு, ஆடுவம்."

சந்தோஷமாகத்தான் போட்டேன். அப்டேட் என்றது. என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். சாயங்காலம் வரை நீலக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலையில் பாஸ்வேர்டு கேட்டது. பிறகு பக்கம் பக்கமாய் ஒப்பந்தம், படிக்காமலே சம்மதித்தேன். அப்புறம் கதை தொடங்கியது. யாரோ மழையில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"இது படமா, ஆட்டமா?" என்றார் அப்பா.

"இந்தா வந்துரும்ப்பா."

வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினால் முன்னால் நடக்கலாம், எதை அழுத்தினால் திரும்பலாம் என்று பாடம் எடுத்தது.

"ஆசுபத்திரிலயும் நடக்கச் சொல்லிக் குடுத்தாக, இங்கயும் நடக்கச் சொல்லிக் குடுக்குறாக" என்றார். பிறகு திரையில் தேடிப் பார்த்துவிட்டு, "ஒன் ஆளு எங்கன இருக்கான்?" என்று கேட்டார்.

"இதுல ஒருத்தர்தான் ஆட முடியும்ப்பா. ரெண்டு பேருன்னா ரெண்டு மெசின், ரெண்டு டிவி, ரெண்டு பேருக்கும் நெட்டு வேணும்."

"பக்கத்துலதான உக்காந்துருக்கோம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. ஒரு வருடமாக இந்த மெசினோடு கிடக்கிறேன். ஒரு ஆட்டத்தையும் முடித்ததில்லை. தினமும் ஆட்டத்துக்குள் வந்தால் ஒரு பரிசு, ஒருநாள் விட்டால் அதுவரை சேர்த்த நாள்கணக்கு பூஜ்யமாகிவிடும். என் ஆளுக்குச் சட்டை மாற்றவும் காசு கேட்கும். இதற்கெல்லாம் பொறுமையாக இருந்தவள், அப்பா கேட்ட ஒற்றைக் கேள்வியில் அதை அணைத்துவிட்டு எழுந்துபோனேன்.

மறுநாள் டவுன் பஸ் பிடித்துக் கம்பம் போய், ஒரு செல்போன் கடையில் பழைய ஆட்டங்கள் நிறைந்த சின்னப் பெட்டியும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் வாங்கி வந்தேன். டாங்கி ஆட்டம் இருந்தது. தொடங்கிய ஒரு நிமிடத்தில் அப்பா என்னைச் சுட்டார். இருவரும் சத்தமாகச் சிரித்தோம். அம்மா தோட்டத்திலிருந்து வந்து, "காலுக்கு வைத்தியமா இது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அதே சுவர், அதே சத்தம். ஒரு கட்டம் முடிந்து மறுகட்டம் வருவதற்குள் கை தானாகப் போனை எடுத்தது. மெசினில் ஆடும் புது ஆட்டத்தின் தினப் பரிசைப் போனிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

"கோட்டை போயிருச்சு. நீ எங்கன பாக்குற?" என்றார் அப்பா.

"இல்லப்பா, ஆபீஸ் வேலை" என்று பொய் சொன்னேன்.

அவர் ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு, "இந்தா வாரேன்" என்று வாக்கரைப் பிடித்து எழுந்தார். பாத்ரூமுக்கு என்று நினைத்தேன். போனிலேயே குனிந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அம்மாவின் அழைப்பு வந்தது.

"ஒங்கப்பா தோட்டத்துக்கு வந்து நிக்கிறாக. நீ வீட்டுல என்னதான் செய்ற?"

தோட்டம் இரண்டு தெரு தள்ளித்தான். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பந்தலுக்கடியில் வாக்கரை ஊன்றிக்கொண்டு, எந்தக் கணுவில் வெட்ட வேண்டும் என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேட்டி ஓரமெல்லாம் மண்.

"கால் என்னாகும்னு யோசிச்சீகளா?" என்று கத்தினேன்.

"சும்மா இருக்க முடியலத்தா" என்றார். குரலில் தப்புச் செய்த பயம் இருந்தது. கொஞ்சம் பொறுத்து, "நீயுந்தான் எதையாவது நோண்டிக்கிட்டே இருக்க" என்றார்.

தோளைக் கொடுத்து அழைத்து வந்தேன். டாக்டர் பார்த்துவிட்டுக் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். அடுத்த நாள் முதல் அம்மா காலையில் ஒரு மணி நேரம் அவரை ஆட்டோவில் வரவழைத்துத் தோட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். மற்ற நேரம் வீட்டில் அமைதியாக இருந்தார்.

நான் தேனிக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. வந்த அன்றே அந்தத் தினப் பரிசு ஆட்டத்தை மெசினிலிருந்தும் போனிலிருந்தும் அழித்தேன். இரண்டு வாரத்தில் மறுபடி இறக்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அழித்திருக்கிறேன்.